கூட யாரு வந்திருக்கா

"கூட யாரும்மா வந்திருக்கா?" ரத்தம் எடுத்து முடிச்ச கையோட அந்த சிஸ்டர் கேட்டா. நான் திரும்பிப் பின்னாடி பாத்தேன். சுவரும், கை கழுவுறது எப்படின்னு படம் போட்ட ஒரு தாளும்தான் இருந்துச்சு. எங்கிட்டதான் கேட்டிருக்கா. முழங்கை மடிப்புல பஞ்ச வச்சு அமுக்கிக்கிட்டு, வருவாங்கன்னு சொன்னேன். யாருன்னு அவ கேக்கல, நல்ல வேளை. மார்ல ஜெசிந்தான்னு பேரு குத்தியிருந்தா. முகத்துல பாதிய மாஸ்க் மறைச்சிருந்துச்சு, தெரிஞ்ச கண்ணும் தூக்கம் கெட்ட கண்ணு. "இல்லம்மா, இப்பவே போன் பண்ணி வரச் சொல்லிடுங்க. இந்த ரிசல்ட்டப் பாத்துட்டுத்தான் டாக்டர் முடிவு பண்ணுவாங்க. அட்மிஷன்னு சொல்லிட்டாங்கன்னா கூட இருக்க அட்டெண்டர் இல்லாம பெட் தர மாட்டாங்க"ன்னு சொல்லிட்டு, என் ரத்தம் நெறஞ்ச அந்தச் சின்னக் குழாய்ங்கள மெதுவா சாய்ச்சுச் சாய்ச்சுக் கலக்கிக்கிட்டே ஸ்கிரீனத் தள்ளிட்டுப் போயிட்டா. எனக்கா தெரியாது? இந்தத் திருச்சியில எந்த ஆஸ்பத்திரியில எந்த மாடியில அட்டெண்டருக்குப் படுக்க எடம் இருக்கு, எங்க வெந்நீர் புடிக்கலாம், எந்த வாட்ச்மேன் மொகம் பாத்து உள்ள விடுவான், எந்த கேண்டீன்ல இட்லி கல்லு மாதிரி இருக்கும், அத்தனையும் எனக்கு அத்துப்படி. கல்யாணம் காட்சி ஆகாதவ, மின்வாரியத்துல டைப்பிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவ, உறையூர்ல ஒத்த ஆளா ஒரு வீட்டுல இருக்கிறவ, புள்ளையா குட்டியா, கூப்பிட்டா வந்துருவா. அம்சவேணிய கூப்பிடு, அவ சும்மாதான இருக்கா. இப்படியே ஒவ்வொரு ஆஸ்பத்திரியா நான் நின்னிருக்கேன். கூட யாரு வந்திருக்கான்னு கேட்டா, நான்தான் சிஸ்டர்னு கைய தூக்கிக்கிட்டு முன்னாடி வர்றது எம் பழக்கம். அந்தக் கை இன்னைக்கும் தூக்கப் பாத்துச்சு. அதுலதான் ஊசி குத்தின வலி.

பஞ்ச எடுத்துப் பாத்தேன், ரத்தம் நின்னுருச்சு. ரத்தம் எடுக்கணும்னு சொன்னாங்களேன்னு நான் நேத்து ராத்திரியிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. வெறும் வயித்தோட போகணும்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவ நான். பழனிவேலு சித்தப்பாவ அப்படித்தான் ஒரு காப்பி கூடக் குடிக்க விடாம கூட்டிட்டு வந்து மயக்கம் போட்டு விழவச்சேன். இன்னைக்கு ஜெசிந்தா கேக்கறா, "ஏம்மா ஒண்ணும் சாப்பிடலயா, இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு எதுக்கு, சக்கரைக்குத்தான் அது"ன்னு. இத்தன வருஷமா எத்தன பேர பட்டினி போட்டிருக்கேனோ தெரியல. சிரிப்பு வந்துச்சு, சிரிச்சா இருமல் வருது, இருமினா நெஞ்செலும்புக்குப் பின்னாடி யாரோ அரம் வச்சுத் தேய்க்கிற மாதிரி இருக்கு. வெரல்ல ஒரு கிளிப்ப மாட்டி விட்டிருக்காங்க, அதுல செவப்பா ஆக்ஸிஜன் நம்பர் ஓடுது, தொண்ணூத்தி மூணுங்குது, தொண்ணூத்தி ரெண்டுங்குது. அத பாக்கக் கூடாதுன்னு தலைய திருப்பிக்கிட்டா ஜன்னல்ல மழை. ஐப்பசி மழை ஓயாம பெய்யுது, இந்த மழையிலதான் ஊரு பூரா இந்தக் காய்ச்சல் வந்துருச்சு, வைரஸ் வைரஸ்னு டீக்கடையில கூடப் பேசுறாங்க. எனக்கு எங்கேருந்து ஒட்டுச்சுன்னு யோசிக்கிறேன். ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியிலதான் ஒட்டியிருக்கும், வேற எங்க போறேன் நான். சாரதா ஆப்பரேஷனுக்குப் போனேனே போன வாரம், அப்பயா? ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டு சாரதாம்பாள், அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. மகன் பெங்களூரு, மருமகளுக்கு லீவு இல்லையாம். அம்சா நீ இருந்தா போதும்டின்னா. இருந்தேன். இப்ப அவ கட்டில விட்டு எறங்கக் கூடாது, அவள எங்கேருந்து கூப்பிடறது. அத யோசிக்கவே கூடாது.

காலையில ஆட்டோவுல வந்து எறங்கினதுமே ஆரம்பிச்சிருச்சு இந்தக் கூத்து. ரிஜிஸ்ட்ரேஷன்ல ஒரு பொண்ணு போன் நம்பர் கேட்டுச்சு, சொன்னேன். கம்ப்யூட்டரப் பாத்துட்டு, "இந்த நம்பர்ல நெறைய பேரு இருக்காங்களே ஆன்ட்டி. தட்சிணாமூர்த்தி, யமுனா, யமுனாவோட பேபி, பழனிவேலு, சாரதாம்பாள். இதுல யாருக்குப் பாக்கணும்?"னு கேட்டுச்சு. எனக்குத்தான்மான்னேன். உங்க பேரு என்னன்னுச்சு. அம்சவேணி. மறுபடி மேலயும் கீழயும் தேடிட்டு, "நீங்க இதுல இல்லையே"ன்னுச்சு. இல்லதான். நான் எப்படி அதுல இருப்பேன். எல்லாருக்கும் என் நம்பரக் குடுத்திருக்கேன், எல்லார் ரிப்போர்ட்டும் எனக்குத்தான் வரும், உப்பு இவ்வளவு, யூரியா இவ்வளவுன்னு, நான்தான் வாசிச்சு எல்லாருக்கும் சொல்லுவேன். எனக்குன்னு ஒரு வரி அதுல கெடையாது. புதுசா பேரு போடுன்னேன். போட்டுச்சு. அதுக்கப்புறம் இங்க கொண்டாந்து கட்டில்ல உக்கார வச்சுட்டு, மாத்துத் துணி இருந்தா எடுத்துக்குங்கன்னாங்க. பைய தொறந்து பாத்தா எனக்கே வெக்கமாப் போச்சு. ஃபிளாஸ்க் இருக்கு, டம்ளர் இருக்கு, பழம் வெட்ட கத்தி, ஸ்பூன், தரையில விரிக்க பாய், தலைக்கு காத்து ஊதுற தலகாணி, வார்டுக்கு வெளிய நிக்கிறப்ப குளிருமேன்னு ஸ்வெட்டர். பேஷண்டுக்கு ஒண்ணும் இல்ல. நைட்டி இல்ல, சீப்பு இல்ல, பேஸ்ட்டு இல்ல. காய்ச்சல்ல கை தானா எடுத்து வச்சிருக்கு. கட்டில்ல உக்காந்துக்கிட்டு மடியில பாய வச்சிருக்கேன் நான். பக்கத்து ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாவுக்கு அவங்க மருமக ஆரஞ்சு உரிக்கிறா போல, வாசன இங்க வரைக்கும் வருது. நல்லா இருக்கு அந்த வாசன. எனக்கு இந்த மூணு நாளா எந்த வாசனையும் தெரியலன்னு நெனச்சேன், ஆரஞ்சு தெரியுது.

லிம்போசைட்டு. இந்தப் பேரு இதுவரைக்கும் எத்தனயோ ரிப்போர்ட்டுல வாசிச்சிருக்கேன், என்னன்னு கேட்டதில்ல. முந்தாநாள் தெருமுனை கிளினிக்குல எடுத்த ரத்தத்துல அதுதான் கொறஞ்சிருக்குன்னு அந்த டாக்டர் இங்க போகச் சொல்லிட்டார். இங்க இருக்கிற சின்ன டாக்டரம்மா, எங்க யமுனா வயசுதான் இருக்கும், நின்னு நிதானமா சொல்லுச்சு. "வெள்ளணுவுல அது ஒரு வகைம்மா. வைரஸ எதுத்து நிக்கிறது அதுங்கதான். உங்களுக்கு அது இருக்க வேண்டியதுல பாதி கூட இல்ல. சி.ஆர்.பின்னு ஒண்ணு, உள்ள வீக்கம் இருந்தா ஏறும், அது ஏறியிருக்கு. ரத்தம் கட்டுதான்னு பாக்கவும் ஒண்ணு அனுப்பியிருக்கேன். இன்னைக்கும் அது இன்னும் எறங்கி, இது இன்னும் ஏறியிருந்தா உங்கள வீட்டுக்கு அனுப்ப முடியாது. அப்படி இல்லேன்னா மாத்திரையோட போயிடலாம்." அதுங்க எங்கம்மா போச்சுன்னு கேட்டேன். டாக்டரம்மா நிமிந்து பாத்துச்சு. யாரும் இப்படிக் கேக்கறதில்ல போல. "கொஞ்சம் ரத்தத்த விட்டுட்டு நுரையீரலுக்குப் போயிருக்கும், அங்கதான் சண்ட. கொஞ்சம் செத்திருக்கும்." ரத்தத்துலயும் ஆளு இல்லையான்னு நெனச்சேன். வெளிய சொல்லல. சொல்லியிருந்தா பாவம், சிரிக்கவா வேணாமான்னு அது முழிச்சிருக்கும். இப்ப எங்கேயோ கீழ ஒரு மிஷின்ல என் ரத்தத்த வச்சு ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டிருக்கும். ஏறியிருக்கணும்னு வேண்டிக்கிறேன். எது ஏறணும், எது எறங்கணும்? லிம்போசைட்டு ஏறணும், சி.ஆர்.பி. எறங்கணும். மாத்தி வேண்டிக்கிட்டா சாமிக்குப் புரியாதா என்ன. புரியும். மலைக்கோட்டை புள்ளையாருக்கு எத்தன ரிப்போர்ட்டு வாசிச்சுக் காட்டியிருக்கேன் நான், அவருக்கும் அத்துப்படியா ஆகியிருக்கும்.

வீட்டுக்குப் போனா நல்லது. வீட்டுக்குப் போனா யாரையும் கேக்க வேணாம். ரசம் வச்சுக் குடிச்சுட்டு, கதவ சாத்திக்கிட்டு, மாத்திரையப் போட்டுக்கிட்டு கெடப்பேன். ஆனா ராத்திரி மூச்சு முட்டினா? நேத்து முட்டுச்சு. எந்திரிச்சு உக்காந்தா பரவால்ல, படுத்தா முட்டுது. உக்காந்தபடியே சுவத்துல சாஞ்சுக்கிட்டு, கதவ உள்ள தாப்பா போட்டிருக்கேனே, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கதவ ஒடைக்கணுமேன்னு யோசிச்சேன். அப்புறம் எந்திரிச்சுப் போயி தாப்பாவ எடுத்து விட்டுட்டு வந்தேன். திருடன் வந்தா வரட்டும்னு. அப்ப அட்மிட் ஆனாத்தான் நல்லதா? அட்மிட் ஆனா அந்த மூணாவது மாடி. எனக்கு அந்த மாடி தெரியும். காய்ச்சல் வார்டுக்குள்ள அட்டெண்டர விடமாட்டாங்க, கண்ணாடிக் கதவுக்கு வெளிய நாற்காலி போட்டிருப்பாங்க, வரிசையா உக்காந்திருக்கணும். கதவு தொறக்கும், ஒரு தலை நீளும், இன்னாரோட ஆளு யாருன்னு கேக்கும். மருந்து வாங்கணும்னாலும் அதே கேள்வி, ரத்தம் வேணும்னாலும் அதே கேள்வி, போயிட்டாங்கன்னாலும் அதே கேள்விதான். தட்சிணாமூர்த்தி ஆளு யாருன்னு கேட்டப்ப நான்தான் எந்திரிச்சேன். எங்கண்ணன். நடந்து போற அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஏன்னா கதவுல நின்னு கூப்பிட்டவன் எம் மொகத்தப் பாக்காம என் செருப்பப் பாத்துக்கிட்டு நின்னான். அண்ணன் தனியா போகல. உள்ள யாரு இருந்தாங்களோ இல்லையோ, வெளிய நான் இருந்தேன், அது அவனுக்குத் தெரியும், காலையில கண்ணாடி வழியா கைய ஆட்டினான். நான் யோசிக்கிறது அதுதான். கதவு தொறக்குது, அம்சவேணி ஆளு யாருன்னு கேக்கறாங்க. நாற்காலியில இருக்கிற எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்க. யாரும் எந்திரிக்கல. மறுபடி கேக்கறாங்க. அம்சவேணி, அம்சவேணி ஆளு. இந்த எடத்துக்கு வந்து வந்து மனசு நின்னுருது, இதத் தாண்டிப் போக மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு. சாகறதுக்கு இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், அதுக்கும்தான். ஆனா அதவிட இதுக்கு. கூப்பிட்டு யாரும் எந்திரிக்காம போறதுக்கு.

சரி யாரக் கூப்பிடறது. பழனிவேலு சித்தப்பாவ கூப்பிட்டா வந்துருவாரு, எம்பத்தி ரெண்டு வயசுல குடையப் புடிச்சுக்கிட்டு, அப்புறம் அவருக்கு யாரு அட்டெண்டர். எதிர்வீட்டு லோகாம்பா அம்மா நல்ல மனுஷி, மாடிப்படி ஏற முடியாது, முட்டி தேஞ்சு கெடக்கு. எங்க ஆபீஸ் பொண்ணுங்க ஒரு வாட்ஸாப் குரூப் வச்சிருக்கு, காலையில பூப்படம் போடும், யாராவது செத்தா கைகூப்பிப் போடும், அதுல போயி நான் என்னன்னு போட? வேற யாரு. நாப்பது வருஷமா ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் நின்னிருக்கேன், எனக்குன்னு ஒரு பேரு நாக்குல வரமாட்டேங்குது. வரமாட்டேங்குதுன்னு சொல்றது பொய். ஒரு பேரு வந்துக்கிட்டேதான் இருக்கு, நான்தான் அத உள்ளயே அமுக்கி வச்சிருக்கேன். யமுனா. அண்ணன் மக. அண்ணி போனப்ப அவ அஞ்சாங்கிளாஸ், அதுலருந்து நான்தான் சடை பின்னிவிட்டேன், நான்தான் பீஸ் கட்டுற க்யூவுல நின்னேன். இப்ப தஞ்சாவூர்ல இருக்கா, பஸ் ஏறினா சட்டுனு வந்துரலாம். ஆனா கொழந்த இருக்கே. எட்டு மாசம் ஆகுறதுக்கு முன்னாடியே பொறந்த புள்ள, எலிக்குஞ்சு மாதிரி, கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருந்தாங்க, அதுக்கும் வெளிய நான்தான் இருந்தேன். மழை வந்தாலே அதுக்கு இழுப்பு. சளி புடிச்சவங்கள கிட்டயே சேக்காதீங்கன்னு அந்த டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு. நான் எங் காதால கேட்டேன். அந்த வீட்டுக்கு இந்தக் காய்ச்சல எப்படி அனுப்பறது. அதுவும் நானே அனுப்பறதா.

ஆனாலும் போன் பண்ணினேன். குரலக் கேட்டா போதும்னுதான் பண்ணினேன், சத்தியமா வேற ஒண்ணும் இல்ல. ரெண்டு ரிங்குல எடுத்தா. "அத்தை, என்ன சத்தம் அது, எங்க இருக்கீங்க?" ஆஸ்பத்திரியிலன்னேன். அவ ஒரு நொடி கூட யோசிக்கல. "யாருக்கு அத்தை?"ன்னா. யாருக்கு. அவளக் குத்தம் சொல்ல என்ன இருக்கு, நானா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். எங் குரல் ஆஸ்பத்திரியிலருந்து வந்தா வேற யாருக்கோதான் ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம், அது அப்படித்தான் இத்தன வருஷமும். ஆனா எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. சுருக்குன்னதும் வாய் முந்திக்கிச்சு. "எதிர்வீட்டு லோகாம்பா அம்மாவுக்கு"ன்னுட்டேன். "ஐயோ பாவம், என்னவாம்?" காய்ச்சல், சளி நெஞ்சுல எறங்கிருச்சாம், ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வரணும். "உங்க குரல் ஏன் இப்படி கரகரன்னு இருக்கு?" மாஸ்க் போட்டிருக்கேன்டி. "நல்லா போட்டுக்குங்க. மூக்க மூடிப் போட்டுக்குங்க, தாடையில மாட்டிக்காதீங்க. ஏன் அத்தை நீங்க போயி மாட்டிக்கறீங்க, இந்தக் காய்ச்சல் பொல்லாததுங்கறாங்க"ன்னா. பின்னாடி புள்ள சிணுங்குச்சு, அப்புறம் கூப்பிடறேன்னு வச்சுட்டா. போன கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். பாவம் அந்த லோகாம்பா அம்மா, முட்டியத் தவிர குத்துக்கல்லாட்டம் இருக்கு, அதப் போயி படுக்கப் போட்டுட்டேன். ஒரு பொய்ய சொல்லிட்டா அத எறக்கி வைக்க எடம் இல்லாம தூக்கிக்கிட்டே திரியணும். எனக்கு இதெல்லாம் வராது. ஆனா என்னமோ ஒரு நிம்மதி, அந்தப் புள்ளகிட்ட இது போகாது. அந்த நிம்மதியோட நாலு மூச்சு விட்டேன். அஞ்சாவது மூச்சுக்கு அழுகை வந்துருச்சு. மாஸ்க் நனைஞ்சு மூக்குல ஒட்டிக்கிச்சு.

ஆரஞ்சு உரிச்ச அந்த மருமக ஸ்கிரீன விலக்கி எட்டிப் பாத்தா. "என்ன ஆன்ட்டி, வலிக்குதா? சிஸ்டரக் கூப்பிடட்டுமா?" இல்லம்மா, கண்ணுல தூசின்னேன். இந்த ரூம்ல ஏது தூசி. அவ நம்பல, ஆனா தோண்டவும் இல்ல. "உங்க பேஷண்ட் டெஸ்டுக்குப் போயிருக்காங்களா?"ன்னு கேட்டா. என் மடியில இருந்த பாயப் பாத்துட்டுத்தான் கேட்டிருக்கணும். நான் தலைய ஆட்டினேன். ஆமாங்கற மாதிரியும் இருக்கும், இல்லங்கற மாதிரியும் இருக்கும். அவ ஒரு சுளை நீட்டினா, வாங்கி வாயில போட்டேன், புளிப்பு தெரிஞ்சுச்சு. பசி அப்பத்தான் தெரிஞ்சுச்சு. எவ்வளவு பசி. சாரதா ஆப்பரேஷனுக்கு மறுநாள் அவளுக்குக் கஞ்சி ஆத்தி ஊட்டினேன், ஒவ்வொரு ஸ்பூனா, போதும் போதும்னு தள்ளினா, இன்னும் ரெண்டே ரெண்டு ஸ்பூன்னு கெஞ்சினேன். ஊட்டுறப்ப நம்ம வாயும் தானா தொறக்கும், ஆஆன்னு, அது எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கு யாராவது ஊட்டினா நான் வாயத் தொறப்பேனான்னு தெரியல, கூச்சமா இருக்கும். அம்மா போனதுக்கப்புறம் யாரும் என் நெத்தியில கைவச்சுப் பாத்ததில்ல. ஜெசிந்தா கூட அந்தத் துப்பாக்கி மாதிரி ஒண்ண தூர நின்னு காமிச்சுட்டுப் போயிட்டா. இப்படியெல்லாம் நெனச்சா சுய பச்சாதாபம், கெட்ட பழக்கம், எங்கண்ணன் இருந்தா வையுவான். வையட்டும். காய்ச்சல்காரி என்னத்த வேணா நெனப்பா. வெரல்ல தொண்ணூத்தி ஒண்ணுங்குது. கிளிப்ப கழட்டி அடுத்த வெரல்ல மாட்டினேன். அங்கயும் தொண்ணூத்தி ஒண்ணுதான்.

டாக்டரம்மா வர்றப்ப மழை விட்டிருந்துச்சு. கையில தாளு எதுவும் இல்ல, போன்லயே பாத்துக்கிட்டு வந்துச்சு. நான் ரிப்போர்ட்டப் பாக்கல, மொகத்தப் பாத்தேன். எனக்கு மொகம் படிக்கத் தெரியும். நேரா எங் கண்ணப் பாத்துச்சு, அது ஒரு ஆறுதல், செருப்பப் பாக்கல. "அம்சவேணிம்மா, லிம்போசைட்டு இன்னும் எறங்கியிருக்கு. சி.ஆர்.பி. ரெண்டு மடங்கு ஆயிருச்சு. ரத்தம் கட்டுற அந்த டெஸ்டும் கொஞ்சம் கூடத்தான் இருக்கு. ஆக்ஸிஜனும் எறங்குது. மூணாவது மாடியில பெட் சொல்லிட்டேன், ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும், ஆக்ஸிஜன் வைக்கணும். நேரத்துல வந்துட்டீங்க, பயப்படாதீங்க"ன்னுச்சு. சரிம்மான்னேன். சரிம்மான்னு சொல்ற குரல் யாருதோ மாதிரி இருந்துச்சு. அதுக்குப் பின்னாடியே ஜெசிந்தா. "அட்டெண்டர் வந்துட்டாங்களாம்மா?" இல்ல சிஸ்டர். "யாரு வர்றாங்க, பேரு நம்பர் சொல்லுங்க, நான் பேசறேன்." நான் என் நம்பரச் சொல்ல ஆரம்பிச்சுட்டேன், பழக்கம். பாதியில நிறுத்தினேன். "எனக்கு யாரும் இல்லன்னா என்ன பண்ணுவீங்க சிஸ்டர்?" அவ கோவப்படல. கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா. "அப்படி யாராவது இருப்பாங்களாம்மா, யோசிச்சுப் பாருங்க. நான் மேனேஜர்கிட்டக் கேக்கறேன். கேட்டுட்டு வர்றேன்." அவ போனதும்தான் போன் அடிச்சுச்சு. யமுனா.

"அத்தை, ரிசல்ட் வந்துருச்சா?" வந்துருச்சு. அட்மிட் பண்ணச் சொல்றாங்க. "இன்னும் அங்கயேதான் இருக்கீங்களா நீங்க?" ஆமா. "அத்தை, நான் சொல்றேன்னு தப்பா நெனக்காதீங்க. உங்களுக்கும் வயசாகுது. அந்தம்மாவுக்குச் சொந்தக்காரங்கன்னு யாரும் இல்லையா? அவங்க வந்து பாக்கட்டும், நீங்க வீட்டுக்குப் போயி வெந்நீர்ல குளிச்சுட்டுப் படுங்க. ஊருக்கெல்லாம் நீங்களே நிக்கணும்னு என்ன தலையெழுத்து. கோவமா வருது எனக்கு. அப்படி அவங்களுக்கு யாருதான் இருக்கா?" அவ எனக்காகத்தான் கத்தறா. என் பக்கம் நின்னு ஒருத்தி கத்தி எவ்வளவு நாளாச்சு. "இருக்கா"ன்னேன். "அண்ணன் மக ஒருத்தி இருக்கா. தஞ்சாவூர்ல." அந்தப் பக்கம் ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு. "லோகாம்பா அம்மா நல்லாத்தான் இருக்காங்க கண்ணு. ரத்தம் எனக்குத்தான் எடுத்தாங்க." அவ அழல, மொதல்ல திட்டினா. ஏன் பொய் சொன்னீங்க, எத்தன நாளா காய்ச்சல், நான் செத்தா போயிட்டேன், எங்கிட்ட ஏன் சொல்லல. அப்புறம்தான் அழுதா. நீ யாருக்குன்னு கேட்டடின்னேன். "ஆஸ்பத்திரியில இருக்கேன்னு சொன்னேன், யாருக்குன்னு கேட்ட. எனக்கா இருக்கும்னு உனக்குத் தோணவே இல்ல." "கோவமா அத்தை?" "ஆமா. கோவம்தான்." சொன்னதுக்கப்புறம் கோவம் இல்ல. அது அவ்வளவு நேரம்தான் இருந்திருக்கு போல.

அப்பத்தான் அந்தப் புள்ள இருமுச்சு. போன்ல கேக்குது, குட்டி இருமல், அதுக்குப் பின்னாடி விசில் மாதிரி ஒரு இழுப்பு. எனக்குத் தெரியும் அந்த இழுப்பு. யமுனா, நீ ஒண்ணும் பண்ண வேணாம், உன் பேர மட்டும் எழுதிக்கறேன், நீ வராதன்னு சொல்லணும். அதுதான் மொற, அதத்தான் சொல்லணும்னு உக்காந்திருந்தேன். வாயத் தொறந்தேன். "வர்றியா?"ன்னேன். எனக்கே தூக்கிப்போட்டுச்சு. இந்த வார்த்தைய நான் இதுக்கு முன்னாடி யாருகிட்டயும் சொன்ன ஞாபகம் இல்ல. வர்றேன், வந்துட்டேன், இதோ கெளம்பிட்டேன்னு சொல்லியிருக்கேன். புள்ள மறுபடி இருமுச்சு. வேணாம்டி, சும்மா சொன்னேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, பல்ல கடிச்சுக்கிட்டேன். இந்த ஒரு தடவ நான் மாத்திச் சொல்லப் போறதில்ல. வரமாட்டேன்னு சொன்னா சொல்லட்டும், அதுல தப்பு இல்ல, நானா இருந்தா நானும் புள்ளையத்தான் பாப்பேன். ஆனா கேட்டேங்கறத நான் அழிக்க மாட்டேன். மாமியார்கிட்ட அவ என்னமோ சொல்றது கேட்டுச்சு, மாமியார் ஏதோ சொல்றது, கதவு சத்தம், இவ குரல் ஒசந்து அப்புறம் தாழ்ந்து. "அத்தை, இருக்கீங்களா? புள்ளைய அவங்க பாத்துக்கறேன்னாங்க. திரும்பி வந்து ஒரு வாரம் நான் மாடி ரூம்ல தனியா இருந்துக்கணுமாம், அதுக்குச் சரின்னுட்டேன். ஆனா உள்ள வந்து உங்க பக்கத்துல இருக்க முடியாதுல்ல அத்தை. வெளியதான் உக்காந்திருப்பேன். பரவால்லயா?" வெளிய உக்காந்திருந்தா போதும்டின்னேன். அதுக்கு மேல பேசினா ஒடஞ்சுருவேன்னு வச்சுட்டேன்.

ஜெசிந்தா திரும்பி வந்தா. மேனேஜர் ரவுண்ட்ஸ்ல இருக்காராம்மா, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிக்கிட்டே ஆக்ஸிஜன் சிலிண்டர உருட்டிட்டு வந்தா, சக்கரம் கீச்கீச்னு ஒரே சத்தம். "அட்டெண்டர் வந்துட்டிருக்கா சிஸ்டர். எங்கண்ணன் பொண்ணு"ன்னேன். சத்தத்துல அவ காதுல விழல, என்னம்மான்னா. மாஸ்க்க கொஞ்சம் எறக்கிட்டு இன்னொரு தடவ சொன்னேன்.